நிற்கச் சொன்னவர்கள்

வீட்டு வாசலில் இடது காலில் நின்றுகொண்டு வலது கால் ஷூவைக் கழற்றும்போதுதான் முதல் முறை வலித்தது. இடது தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில், உள்ளே ஆழத்தில், சுருக்கென்று ஒரு குத்து. காலை மாற்றி நின்றதும் போய்விட்டது. புது ஷூ சரியில்லை என்று முடிவு கட்டினேன். கடைக்காரர் பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று அவர்மேல்தான் முதல் சந்தேகம்.

என் சந்தேகங்களைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நோயின் கதையில் பாதி அவைதான். நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், மருத்துவச் செலவைக் கேட்டு வருகிறவர்களின் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதைச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும். லாபம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டிலும் நான் அப்படித்தான். கடைக்காரம்மா "இன்னிக்குக் கத்திரிக்கா நல்லாருக்கும்மா" என்றால் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வருவேன்.

மந்தைவெளியில் வீடு. வயது நாற்பதைத் தாண்டி சில வருடங்கள். கணவர் ரகு கல்லூரியில் கணிதம் சொல்லித் தருகிறார். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ஒரு பரிசோதனை சொல்லப்போய் நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, ஓட்டம் பைத்தியமாகிவிட்டது. கோட்டூர்புரத்தில் கூடும் ஓட்டக்குழு ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிறு விடியற்காலையில் அங்கே கிளம்பி அடையாறு வழியாக, சில வாரம் பாலவாக்கம் வரைகூடப் போய்த் திரும்புவோம். எடை மளமளவென்று இறங்கியது. மயிலாப்பூர் கல்யாணங்களில் "என்னடி விஜி, இப்படிக் கரைஞ்சு போயிட்டே!" என்பார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன், வேறு யார் சொல்வதையும் அப்படி எடுத்துக்கொள்ளாத நான்.

எங்களைப் போன்ற அரைகுறை ஓட்டக்காரர்களின் உலகில் பேசர் என்று ஒரு பதவி உண்டு. பந்தய நாளில், முடிக்கப்போகும் நேரம் எழுதிய சிறு கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்தான் பேசர். அந்த நேரத்துக்குள் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் அவர் பின்னால் கூட்டமாக வருவார்கள். வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதைவிட முக்கியம், பேசர் முகத்தில் கஷ்டம் தெரியக் கூடாது. சிரிக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், மூச்சு வாங்கினாலும் வாங்காத மாதிரி இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் முகம் சுளித்தால் பின்னால் வரும் முப்பது பேருக்கும் கால் தளர்ந்துவிடும்.

எனக்கு வேகம் கிடையாது. ஆனால் ஒரே சீராக ஓடுவேன். கைக்கடிகாரத்தை நம்பாமல் சாலையோரத் தூரக் குறிகளையும் கூடவே சரிபார்ப்பவள் என்பதால் இதற்கு என்னைவிடப் பொருத்தமானவர் கிடையாது என்று எங்கள் பயிற்சியாளர் பிரபு சொன்னார். அந்த வருடத்து அரை மாரத்தானுக்கு எனக்கு முதல் கொடி கிடைத்தது. வேலையில் பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு குதிக்கவில்லை.

அந்தக் கொடி கைக்கு வந்த வாரத்தில்தான் ஷூ கழற்றும்போது வலித்தது.

பிரபுவிடம் சொன்னேன். "ஓட ஆரம்பிச்சா ரெண்டு கிலோமீட்டர்ல போயிடுதா மேடம்?" என்று கேட்டார். போயிடுது என்றேன். "அப்ப தசைதான். எலும்பா இருந்தா ஓட ஓட ஜாஸ்தியாகும். ஐஸ் வைங்க, சரியாயிடும்." நம்பினேன். பந்தயத்துக்கு முன் ஒரு பேசர் விலகினால் ஏற்பாட்டாளர்களிடம் பிரபுவின் தலைதான் உருளும். நிற்காதே என்று சொல்வதில் அவருக்கும் லாபம் இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னார் அல்லவா, பிறகென்ன விசாரணை?

அடுத்து செல்வி. குழுவில் எனக்கு நெருக்கமானவள். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் வீடு, பக்கத்திலேயே பிளவுஸ் தைக்கும் கடை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், வேகத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிடுவாள். முதல் தடவை வலியைச் சொன்னபோது, "சுளுக்குக்கா. எங்க ஏரியாவுல ஒருத்தர் கீறாரு, ஒரே இழுப்புல எடுத்துடுவாரு" என்றாள். நல்லவேளை, அந்த ஒரு விஷயத்திலாவது என் சந்தேகம் என்னைக் காப்பாற்றியது. எலும்பில் விரிசலை வைத்துக்கொண்டு காலை இழுக்கக் கொடுத்திருந்தால் அன்றே முழுக்க முறிந்திருக்கும்.

ஆனால் இரண்டொரு ஞாயிறு கழித்து அவள் பேச்சு மாறியது. பாலத்து இறக்கத்தில் என் பக்கத்துக்கு வந்தாள்.

"இன்னாக்கா, நொண்டிக்கினு வர?"

"ஒண்ணும் இல்லையே."

"இன்னா ஒன்னியும் இல்ல? பின்னாலருந்து பாத்துக்கினுதான வரேன். தோளு ஒரு பக்கமா சாயுது. டாக்டராண்ட காட்டுக்கா. கொடியப் பத்தி ரோசன பண்ணாத, வேணும்னா நான் புடிச்சிக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது எனக்கு. அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவளை முன்னால் விட்டுப் பின்னால் ஓடினேன், என் தோள் அவள் கண்ணில் படாமல் இருக்க.

ரகுவும் கவனித்திருந்தார். "விஜி, நீ நொண்டறே. மாடிப்படில கைப்பிடியப் பிடிச்சுண்டு எறங்கறே. கொஞ்ச நாள் ஓடாம இரேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் காப்பி கலந்து குடிப்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. நான் மெலிந்ததும் பிடிக்கவில்லை, என் சிநேகிதர்கள் வட்டம் பெருகியதும் பிடிக்கவில்லை என்று எனக்குள் ஒரு எண்ணம். "உனக்கு நான் ஓடறதே கண்ணை உறுத்தறது ரகு" என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குள் வலியின் குணம் மாறியிருந்தது. முன்பு இரண்டு கிலோமீட்டரில் போய்விடும், இப்போது போகவில்லை. உட்கார்ந்து எழுந்தால் வலித்தது. அலுவலகத்தில் படியேறினால் வலித்தது. இதை நான் பிரபுவிடம் சொல்லவில்லை. இதைப் படிக்கிற ஓட்டக்காரர்கள் இங்கே கொஞ்சம் நின்று போங்கள். தொடை இடுக்கில் வரும் வலி, ஓடும்போது போகாமல் கூடவே வந்தால், அது தசை என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

கடைசியில் அடையாறில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். வாயை அடைக்கத்தான் போனேன், செல்வியின் வாயையும் ரகுவின் வாயையும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் அவர் விடவில்லை.

"இடது கால்ல மட்டும் நின்னு ஒரு தடவ குதிங்கம்மா."

ஹாப் டெஸ்ட் என்பார்கள் (ஒற்றைக் காலில் குதிக்கும்போது இடுப்பில் வலி வருகிறதா என்று பார்க்கும் சோதனை). குதித்தேன். கண்ணில் பொறி பறந்தது. ஆனால் வாரக்கணக்கில் பேசருக்காகப் பழக்கிய முகம் அது, இம்மியும் அசையவில்லை. சிரித்தபடி "வலிக்கல டாக்டர்" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "சரி. இருந்தாலும் எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுத்துடுங்க. எக்ஸ்ரேல எலும்பு விரிசல் ஆரம்பத்துல தெரியாது. அதுவரைக்கும் ஓடாதீங்க, நடக்கறதையும் கொறைச்சுக்கோங்க." என்று சொல்லி ஒரு ஸ்கேன் மையத்தின் பெயர் அச்சடித்த சீட்டை நீட்டினார். "இங்கயே எடுத்தா நல்லது, ரிப்போர்ட் தெளிவா இருக்கும்."

அட, வந்தாயா வழிக்கு என்று நினைத்தேன். எத்தனை சீட்டுகளை இப்படிப் பார்த்திருக்கிறேன்! மருத்துவருக்கும் மையத்துக்கும் நடுவில் என்னென்ன ஏற்பாடுகள் இருக்கும் என்று எனக்கா பாடம் எடுக்க வேண்டும்? சீட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பந்தயம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நிற்கச் சொன்ன மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒருத்திக்குக் கொடி, ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை, ஒருவருக்குக் கமிஷன். என் தொழில் வழக்கப்படி மூன்று கோப்புகளையும் மூடினேன். நாலாவதாக ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார், என் இடது இடுப்பு. அதற்கு என்ன லாபம் இருக்க முடியும் என்று மட்டும் நான் கேட்டுப் பார்க்கவில்லை.

பந்தயத்தன்று காலையில் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஓட்டக்காரர்கள் பலர் செய்கிற காரியம், யாரும் வெளியில் சொல்லாத காரியம். தயவுசெய்து செய்யாதீர்கள். வலியை மறைக்குமே தவிர எலும்பை அது ஒட்டவைக்காது. சிறுநீரகத்துக்கும் கெடுதல் என்று பிறகு திட்டு வாங்கினேன்.

கொடியோடு கிளம்பினேன். பின்னால் ஒரு கூட்டம். அதில் தொப்பை வைத்த ஒரு பெரியவர், கே.கே. நகர்க்காரர், முதல் தடவை ஓடுகிறார். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் "கரெக்டாப் போறமா மேடம்?" என்று கேட்பார். "உங்களை மாப்பிள்ளை மாதிரி கொண்டுபோய் விடறேன் சார்" என்றால் கூட்டமே சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் செல்வியும் இருந்தாள். அவள் வேகத்துக்கு அவள் எப்போதோ முன்னால் போயிருக்க வேண்டும். இவளுக்கு என் பின்னால் என்ன வேலை என்று எனக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டினப்பாக்கம் தாண்டிச் சாலையில் ஒரு சின்னப் பள்ளம். இடது காலை வைத்தேன். உள்ளே டொக் என்று ஏதோ இடம் கொடுத்தது. சத்தம் கேட்டதா, உணர்ந்தேனா என்று இன்றும் தெரியவில்லை. அடுத்த அடியில் கால் என்னுடையதாக இல்லை. அப்போதும் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இன்னும் இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது வைக்கப்போகும்போது செல்வியின் கை என் தோளில் விழுந்தது.

"குடுக்கா."

"விடு செல்வி."

"குடுன்றேன்ல!"

கொடியைப் பிடுங்கினாள். இன்னொரு கையால் என்னை அழுத்தி நடுத்திட்டில் உட்காரவைத்தாள். தண்ணீர் மேசையில் இருந்தவர்களைப் பார்த்து "ஏய், ஆம்புலன்சக் கூப்புடுங்கப்பா, அக்காவ எந்திரிக்க வுடாதீங்க" என்று கத்தினாள். கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவரைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"இதுக்குத்தானே காத்துண்டிருந்தே!" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். அவளுக்குக் கேட்டது. ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள்.

கொண்டுபோன மருத்துவமனைக்கு அதே அடையாறு மருத்துவர்தான் வந்து பார்ப்பவர். என் அதிர்ஷ்டம் அப்படி. ஸ்கேன் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் தள்ளுபடுக்கையில் கிடந்தேன். ரகு என் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். மருத்துவர் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். சீட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை.

"வெள்ளையாத் தெரியறது எலும்புக்குள்ள வீக்கம். நடுவுல இந்தக் கறுப்புக் கோடு, அதான் விரிசல்."

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (ஒரே அடியில் முறியாமல், ஓயாத சின்னச் சின்ன அதிர்வுகளால் எலும்பில் விழும் விரிசல்). அது விழுந்திருந்த இடம் தொடை எலும்பின் கழுத்து (இடுப்புக் குழியில் சுழலும் பந்தையும் நீண்ட எலும்பையும் இணைக்கும் குறுகிய பகுதி). அதிலும் கழுத்தின் மேல் விளிம்பில். கீழ் விளிம்பில் இருந்தால் ஓய்வில் ஆறவிட்டுப் பார்க்கலாமாம். மேல் விளிம்பு எடை விழும்போதெல்லாம் வாயைத் திறக்கும். முழுக்க முறிந்து விலகிவிட்டால் பந்துக்குப் போகும் ரத்தம் நின்று அந்த எலும்பே செத்துப்போகலாம், பிறகு செயற்கை இடுப்புதான்.

"இன்னும் விலகல. இன்னிக்கே மூணு திருகாணி போட்டு நிறுத்திடலாம்" என்றார்.

அறுவை சிகிச்சை என்றால் யாருக்கு லாபம் என்று அந்த நிலையிலும் என் புத்தி போனது. படுத்தபடியே எங்கள் அலுவலகத்துக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவர் மாலதிக்குப் படத்தை அனுப்பினேன். என்னைவிடப் பொல்லாதவர், எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர். அடுத்த நிமிடமே கூப்பிட்டார். "விஜி, இதுல தோண்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. பேசாம தியேட்டருக்குப் போ. கால கீழ ஊனாத." அவர் குரலில் இருந்த அவசரம்தான் என்னைப் பயமுறுத்தியது. அப்போதுதான் அழுதேன்.

அழுதுகொண்டே, எந்தக் கால் என்று அம்புக்குறி போட வந்த நர்ஸிடம் பேனாவை வாங்கி, இடது தொடையில் நானே 'இது' என்று எழுதினேன். "எங்களுக்கும் தெரியும் மேடம்" என்று அந்தப் பெண் நொடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு வாக்கர், கழிப்பறைக் கைப்பிடி, ரகுவின் தோள். இடது கால் தரையைத் தொடலாம், எடை போடக் கூடாது. முட்டை ஓட்டின் மேல் பாதத்தை வைப்பதுபோல வையுங்கள் என்று பயிற்சி தந்த பெண் சொன்னாள். படுக்கையிலிருந்து சமையலறை ஒரு பெரும் பயணமானது. தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க முடியாது என்பது, இரண்டு கையும் வாக்கரில் மாட்டிக்கொள்ளும்வரை யாருக்கும் தெரியாது.

தையல் பிரிக்கப் போனபோது மருத்துவர் கேட்டார்: "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்தது?"

ஓகோ, பொம்பளை என்றால் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமா என்று கோபம் வந்தது. நின்று வெகு மாதமாகிறது, வயதாகிறதில்லையா என்றேன். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்தது. மாதவிடாய் நிற்கும் வயதின் அடையாளமே அதில் இல்லை. எலும்பு அடர்த்தி மட்டும் குறைந்திருந்தது, வைட்டமின் டி அடிமட்டம்.

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"ஒரு வாழைப்பழம். சில நாள் அதுவும் இல்ல."

"இவ்வளவு ஓட்டத்துக்கு இது போதுமா? உடம்பு என்ன பண்ணும்? இருக்கறத ஓடறதுக்குக் குடுத்துட்டு மத்த கடையெல்லாம் சாத்திடும். மொதல்ல பீரியட்ஸ சாத்தும், அப்புறம் எலும்ப."

ஓடுகிற பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். மாதவிடாய் நின்றால் வயது என்று நீங்களே சொல்லிக்கொண்டு நிம்மதி அடையாதீர்கள். தொல்லை விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் அடைந்து கிடந்தால் சந்தேகம் இரண்டு மடங்காக வளரும். ரகு ஒருநாள் சாதத்தில் நெய்யை ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். பொறுக்க முடியவில்லை.

"உனக்குச் சந்தோஷம்தானே, நான் இப்படி ஆத்துலயே கிடக்கறது?"

இல்லை என்று சொல்வார், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஆமா. காத்தால எழுந்தா நீ இருக்கே, சந்தோஷமாத்தான் இருக்கு. உன் எலும்பு உடைஞ்சதுல என்னடி சந்தோஷம் எனக்கு? அன்னிக்கு அந்தத் தாழ்வாரத்துல உன் ஷூவக் கீழ வெக்கக்கூடத் தோணாம பயந்துண்டு நின்னேன். ரெண்டும் சேர்ந்தே வந்துதுன்னா நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குச் சாப்பிட முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குள் அப்படியெல்லாம் வழக்கமே கிடையாது.

செல்வி நெடுநாள் வரவில்லை. எப்படி வருவாள்? ஒரு மதியம் வந்தாள், கையில் ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு நைட்டிகள். இரண்டிலும் முன்பக்கம் பெரிய பாக்கெட் வைத்துத் தைத்திருந்தாள். "வாக்கரப் புடிச்சிக்கினா போன எங்க வெப்ப? அதான்." கட்டிலில் போட்டுவிட்டு நின்றாள். உட்காரவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"செல்வி, நிஜத்தைச் சொல்லு. கொடி மேல உனக்கு ஆசை இருந்துதா இல்லையா?"

"இருந்துச்சி. பிரபு கோச்சாண்ட கேட்டும் வெச்சிருந்தேன், அக்காவால முடிலன்னா எனக்குக் குடுன்னு. இன்னா தப்பு?"

"அப்போ நான் நெனைச்சது சரிதான்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சர்தான்க்கா. ஆச இருந்துச்சி. அதுக்கோசரம் நீ நொண்டினது பொய்யாயிடுமா?"

இத்தனை வருடத் தொழிலில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு ஆசை இருந்தது, என் கால் நொண்டியது. ரகுவுக்கு நான் வீட்டில் வேண்டும், என் எலும்பு விரிந்துகொண்டிருந்தது. அந்த ஸ்கேன் மையத்துக்கும் மருத்துவருக்கும் ஏதாவது ஏற்பாடு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். விரிசலும் இருந்தது.

"உக்காரு" என்றேன். "அன்னிக்குக் கத்தினது தப்பு. நீ மட்டும் பிடுங்கலேன்னா எனக்கு இந்த இடுப்பே இல்ல."

"அந்தத் தொப்ப சாரு கடைசி வரிக்கும் 'அந்த மேடம் இன்னா ஆனாங்க'ன்னு கேட்டுக்கினே வந்தாருக்கா" என்று சொல்லி அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்தோம். காப்பியை அவள்தான் போட்டாள், கண்றாவியாக இருந்தது.

வாக்கரிலிருந்து ஒற்றைக் கோலுக்கும், கோலிலிருந்து வெறுங்காலுக்கும் வந்து சேர்வதற்குள் மாம்பழக் காலம் போய் மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் இத்தனை நொடி என்று வாழ்ந்தவள் நான். எலும்பு அந்தக் கணக்கை மதிக்கவில்லை. அடுத்த படத்தில் பார்க்கலாம், அதற்கடுத்த படத்தில் பார்க்கலாம் என்றார்கள். இரவில் தோசை சாப்பிட்டேன், மத்தியானம் நெய் விட்டுக்கொண்டேன். ஒருநாள் அலுவலகத்தில் மாதவிடாய் வந்துவிட்டது. கழிப்பறையில் நின்று, பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் போலப் பயந்து அழாமல், தொலைந்த நகை கிடைத்தவளைப் போலச் சிரித்தேன்.

பிறகு ஒரு நிமிடம் ஓடலாம், ஒரு நிமிடம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் அனுமதி தந்தார். கோட்டூர்புரத்தில் நூலகத்தை ஒட்டிய சாலை. காலை வெயில். செல்வி என் பக்கத்தில், அவளுக்கு நடை போன்ற வேகத்தில் ஓடி வந்தாள். இரண்டு முறை ஓடி நடந்தாயிற்று. மூன்றாம் முறை பாதியில் இடது தொடை மடிப்பில் ஒரு சுருக்.

உடனே விசாரணை தொடங்கிவிட்டது உள்ளே. இது பயம். திரும்ப உடைந்துவிடுமோ என்கிற பயத்துக்கு நான் நிற்பதில் லாபம் உண்டு. அல்லது சோம்பல், இத்தனை மாதம் படுத்துக் கிடந்த உடம்பு வேறென்ன சொல்லும்? அல்லது திருகாணி, மழைக்காலத்தில் குடையும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொன்றையும் தள்ளிவிட எனக்குத் தெரியும். கால்கள் அவைபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. என் முகம் சிரிக்க ஆரம்பித்திருந்ததை உணர்ந்தேன்.

நின்றேன்.

"இன்னாக்கா?"

"வலிக்கறது செல்வி."

"சரி, வா."

எவ்வளவு வலிக்கிறது, எதனால் என்று அவள் கேட்கவில்லை. நிமிடத்தில் எவ்வளவு மிச்சம் என்று நானும் பார்க்கவில்லை. இருவரும் அவள் கடைவரை மெதுவாக நடந்து போனோம்.

மறுநாள் மருத்துவர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. வெறும் தசைப்பிடிப்பு.

"அப்போ நேத்து நான் சும்மா நின்னுட்டேனா டாக்டர்?"

"ஆமாம்மா" என்றார் அவர், படத்தை உறையில் போட்டுக்கொண்டே. "அடுத்த தடவையும் சும்மாவே நில்லுங்க."